அம்மா தம்பி வீட்டில் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் முதியோர் இல்லங்கள் பற்றி, பெற்றவர்களை அங்கே விடுகிற பிள்ளைகளைச் சாடி வந்த கட்டுரையைப் படித்தேன். கூடவே ஒரு படம். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முப்பது வருடமாக உங்கள் பத்திரிகை வாங்குகிறேன். முதியோர் இல்லம் என்று எப்போது எழுதினாலும் அந்தப் பாட்டிதான் வருகிறார். கதவுகூட மாறுவதில்லை.

என் அம்மாவும் பதினான்கு மாதமாக இல்லத்தில்தான் இருக்கிறார். சேர்த்தது நான். தம்பி புனேயில் இருக்கிறான். "உள்ளூரிலேயே பெற்ற மகள் இருந்தும்" என்று கட்டுரையில் ஓரிடத்தில் வருகிறதே, அந்த மகள் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுப்பு எழுத வரவில்லை. பெற்றவர்களைப் பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டு வெட்கப்பட வைத்தால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவள் நான். வெட்கப்படுகிறவள் வாயைத் திறந்து கேள்வி கேட்க மாட்டாள். கேட்காததன் பலனை அனுபவிப்பது உள்ளே இருக்கிற அம்மா.

அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தார். 1993-ல் ஓய்வு பெற்றார், 2009-ல் போய்விட்டார். அம்மாவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும். ஆனாலும் பணிமனைச் சங்குதான் அவருக்கு நேரம். குவார்ட்டர்ஸைக் காலி செய்து பொன்மலைப்பட்டியில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போன பிறகும் சங்கு ஊதினால்தான் உலை வைப்பார். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய் ஒரு வாரத்துக்கான வெற்றிலையை வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைப்பார். பல் போன பிறகு ஒரு பித்தளை உரல் வந்தது. உள்ளங்கையில் அடங்கும். வெற்றிலை, பாக்கு, துளி சுண்ணாம்பு போட்டு சின்ன உலக்கையால் டொக் டொக்கென்று இடித்து, வழித்து வாயில் போட்டுக்கொள்வார். இந்த உரல் பின்னாலும் வரும்.

82 வயதுவரை தனியாகத்தான் இருந்தார். ஒருநாள் சாயங்காலம் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்துத் தெருக் கோயிலுக்குப் போய்விட்டார். பாத்திரம் கருகிப் புகை வந்து அக்கம்பக்கத்தார் பூட்டை உடைத்தார்கள். அதோடு எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு படுக்கையறை ஃபிளாட், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் தர்மம் என்கிறவர்களுக்காக அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பாத்ரூம் கதவு ஹாலுக்கு நேர் எதிரே இருக்கிறது. ஹாலில் என் வீட்டுக்காரர் டிவி பார்ப்பார். அவர் தங்கமான மனிதர், இத்தனை வருடத்தில் அம்மாவை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது அவர் முன்னால் நடந்து பாத்ரூம் போக அம்மாவுக்குக் கூச்சம். அவர் கடைக்குப் போகும்வரை அடக்கிக்கொண்டு கிடப்பார். அடிக்கடி போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டார். இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒருநாள் திடீரென்று என்னைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிறுநீரில் கிருமித்தொற்று. வயதானவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலுக்கு முன்னால் புத்திதான் தடுமாறும் என்று டாக்டர் சொன்னார். ஊசி போட்டு நான்கு நாளில் தெளிந்துவிட்டார். அடுத்த ஐந்தாவது மாதம் மறுபடியும் அதே. மகள் வீட்டில், மகள் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நடந்தது இது.

2024 பிப்ரவரியில் விடியற்காலை நாலு மணிக்குப் பாத்ரூமில் விழுந்தார். இடுப்புக்கிட்ட எலும்பு முறிந்தது. இடுப்பு மூட்டில் பாதியை மாற்றி வைத்தார்கள். ரயில்வே குடும்பம் என்பதால் ஆபரேஷன் செலவு பெரிதாக இல்லை. அதற்கப்புறம்தான் எல்லாம். தூக்கி உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டும். எனக்கு இடுப்பு டிஸ்க் பிரச்சினை, வீட்டுக்காரருக்கு பைபாஸ் ஆனது. ஏஜென்சியில் ஆள் வைத்தோம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 900 ரூபாய், அதில் அந்தப் பெண்ணின் கைக்குப் போவது எவ்வளவு என்று அவளைக் கேட்டால் பதில் சொல்ல மாட்டாள். பத்து மாதத்தில் ஏழு பேர் மாறினார்கள். துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் அம்மாவுக்கு வெற்றிலை இடித்துக்கூடக் கொடுப்பாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அரசின் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் ஒரு பெண் படியேறி வந்து பிரஷர் மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார், அவருக்குப் புண்ணியம். ஆனால் ராத்திரி மூன்று மணிக்குப் படுக்கை நனைந்தால் திட்டம் எதுவும் வராது. நானும் வீட்டுக்காரரும்தான். ஒருநாள் இருவராலும் தூக்க முடியாமல் அம்மா தரையிலேயே உட்கார்ந்திருந்தார், நாங்களும் கூடவே உட்கார்ந்துவிட்டோம். பால்காரர் வந்த பிறகு அவரை மேலே கூப்பிட்டுத் தூக்க வைத்தேன்.

அன்று முடிவு செய்தேன். முடிவு செய்த மறு நிமிடமே பொய் ஆரம்பித்துவிட்டது.

யாரையும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடுமே. கைப்பேசியில் தேடி, படம் பார்த்து, ஒரே ஒரு இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் பணம் கட்டினேன். ஊர், பெயர் வேண்டாம். வாசலில் புல்வெளி, வரவேற்பறையில் ஏசி, சுவரில் பெரிய பிள்ளையார் படம். நடக்க முடியாதவர்களைச் சில இடங்களில் சேர்ப்பதே இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். இவர்கள் சேர்த்துக்கொள்கிறோம் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டேன். யோசித்துப் பாருங்கள், மாதம் 26,000 ரூபாய் கொடுக்கப்போகிறவள் கும்பிடுகிறாள். ஒப்பந்தம் பதினோரு பக்கம், ஆங்கிலத்தில். படிக்காமலே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். புதுச் செருப்பு வாங்கும்போதுகூட நாலடி நடந்து பார்த்துதான் வாங்குவேன்.

அம்மாவிடம், "பத்து நாள் பிசியோதெரபிம்மா, நடக்க வெச்சு அனுப்புவாங்க" என்று சொன்னேன். நம்பினார். இரண்டு நைலக்ஸ் புடவை, அப்பாவின் சின்ன போட்டோ, உரல். பொன்மலைப்பட்டி வீட்டுச் சாவியை வழக்கம்போல முந்தானையில் முடிந்துகொண்டார்.

பதினோராவது நாள் காலை ஏழு மணிக்கு இல்லத்திலிருந்து ஃபோன். "மேடம், பாட்டி அஞ்சு மணியிலருந்து பையைக் கட்டி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. காபிகூடக் குடிக்கலை. என்ன சொன்னாலும் கேக்கலை." நான் போய்ச் சேர ஒன்பதாகிவிட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தலை வாரி, நெற்றியில் விபூதி. மஞ்சப்பை மடியில் இருந்தது, அதன் காதுகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஆட்டோ நிக்குதா?" என்றார்.

நான் தரையில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். என்னால் தூக்க முடியவில்லை என்று சொன்னேன். பால்காரரைக் கூப்பிட்டதைச் சொன்னேன். இனிமேல் இங்கேதான் என்று சொன்னேன். அழுவார், திட்டுவார், "உன்னைப் பெத்த வயித்துல" என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "முதல்லயே சொல்லியிருக்கலாமே பாப்பா. பத்து நாளைக்குன்னுதானே ரெண்டு புடவை எடுத்தேன்" என்றார்.

ஆசிரியர் அவர்களே, அந்த இரண்டு புடவைக் கணக்கு எனக்கு இன்னும் தீரவில்லை.

அந்த இல்லத்தில் ஞாயிறு மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரைதான் பார்வையாளர் நேரம் என்றார்கள். சரி என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரஞ்சும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போய்வந்தேன். எல்லோரும் தலை வாரிப் பவுடர் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு புதன்கிழமை, வீட்டுக்காரரின் சொந்தத்தில் ஒரு துக்கத்துக்குப் போய்விட்டு அந்த வழியாகத் திரும்பினோம். ராத்திரி எட்டு மணி. வாட்ச்மேன் விடமாட்டேன் என்றார், சத்தம் போட்டு உள்ளே போனேன். விளக்கெல்லாம் அணைத்துவிட்டார்கள். ஆறு மணிக்கே சாப்பாடு முடிந்துவிடுமாம். அம்மாவின் போர்வையை விலக்கினால் மத்தியானம் கட்டிய டயப்பர், கனத்துத் தொங்கியது. புரட்டிப் பார்த்தேன். வால் எலும்புக்கு மேல் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குத் தோல் கன்றி, நடுவில் கறுத்திருந்தது. படுக்கைப்புண். சேர்த்து 23 நாள்தான் ஆகியிருந்தது.

மறுநாள் மேலாளரைக் கேட்டேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள்? அவர் சொன்ன பதில்: "சிசிடிவி இருக்கு மேடம்."

31 முதியவர்கள், இரவில் ஒரே ஒரு பெண். கேமரா புரட்டிப் படுக்க வைக்குமா? இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கேட்க எனக்குத் தகுதி இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவை விட்டுவிட்டுப் போகிறவளுக்கு என்ன அதிகாரம் என்று. அம்மாவோ அந்தப் பெண்ணுக்குப் பரிந்து பேசினார்: "அது என்ன பண்ணும், ஒத்தையாளா முப்பது பேரை இழுத்துப்போட்டுக்கிட்டுக் கிடக்குது."

டெபாசிட்டில் பாதி திரும்பி வரவில்லை. பதினோரு பக்கத்தில் எங்கோ எழுதியிருக்கிறதாம்.

இதற்கு நடுவில் எங்கள் அபார்ட்மென்ட்டில், "அம்மாவைக் காணோமே?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "தம்பி வீட்டுக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். புனேயில் குளிர் எப்படி, அம்மாவுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்பார்கள். அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். புண்ணைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் கீழ் வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நிறுத்தி அதையே கேட்டார். என்னால் முடியவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய மாமியார் பெங்களூரில் கொழுந்தனார் வீட்டில் இருப்பதாகத்தான் எங்களுக்கெல்லாம் தெரியும். இரண்டு வருடமாக அந்த அம்மா ஒரு இல்லத்தில் இருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். அவரும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். ஒரே மாடிப்படியில் இரண்டு பேரும் பொய்யை மாற்றி மாற்றிப் பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறோம். அம்மா இப்போது இருப்பது அந்த இல்லத்தில்தான்.

இரண்டாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். ராத்திரி எத்தனை பேர், அதில் நர்சிங் படித்தவர் யாராவது உண்டா? நடமாடுகிறவர், கைத்தாங்கல் தேவைப்படுகிறவர், படுக்கையில் இருக்கிறவர் என்று மூன்று கட்டணம் சொல்கிறீர்களே, அம்மா எந்த வகை என்று யார் முடிவு செய்வது, மாற்றினால் எத்தனை நாள் முன்னால் சொல்வீர்கள்? டயப்பர், டாக்டர் வந்துபோகிற செலவு, துணி துவைப்பது கட்டணத்துக்குள்ளா, தனியா? ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட யார் இருப்பது? (இதற்குப் பெரும்பாலும் "நீங்கதான் வரணும்" என்பார்கள். ஊரில் ஆள் இல்லாதவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.) உயிர் போனால் எத்தனை மணி நேரம் வைத்திருப்பீர்கள், ஃப்ரீசர் பாக்ஸுக்கு யார் சொல்வது, டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும்? கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த நிர்வாகி அம்மாள் சாதாரணமாகப் பதில் சொன்னார். அதிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. "எப்ப வேணா வாங்க, சாப்பாட்டு நேரத்துல வந்தா உட்கார்ந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றதில் மீதிப் பாதி.

ஜிஎஸ்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருமான வரிச் சட்டப்படி பதிவான அறக்கட்டளை நடத்தும் இல்லத்தில், 60 வயது நிறைந்தவருக்கு மாதம் 25,000 ரூபாய்வரையான கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. கம்பெனியாக நடத்துகிற இடத்துக்கு இந்தச் சலுகை இல்லை. முதல் இல்லத்தில் அறக்கட்டளை மாதிரி ஒரு பெயரும் சாமி படமும் இருந்தன, பில்லில் வரியும் இருந்தது. நான் அதையும் கேட்கவில்லை.

இவ்வளவு பேச எனக்கு வாய்ப்பிருக்கிறது என்றால், அப்பா வேலை பார்த்த இடம் அப்படி. ரயில்வே குடும்ப ஓய்வூதியம். 80 வயதானால் 20 சதவீதம் கூடுதல், 85 ஆனால் 30 சதவீதம். அந்த 20 சதவீதமே அம்மாவுக்கு நாலு வருடம் கழித்துத்தான் வந்தது. ஓய்வூதிய ஆணையில் அம்மாவின் பிறந்த தேதி இல்லை. அப்பாவின் பழைய சர்வீஸ் தாள்களைத் தேடிப்பிடித்து, ஆதாரையும் இணைத்து, நடையாய் நடந்து வாங்கினேன். வீட்டில் 80 தாண்டிய குடும்ப ஓய்வூதியதாரர் இருந்தால் அந்த ஆணையை எடுத்துப் பிறந்த தேதி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். எல்லாம் சேர்த்து இப்போது இருபதாயிரத்தைத் தாண்டுகிறது. இல்லத்துக்கு 24,000. டயப்பர், மருந்துக்கு நாலாயிரம். மிச்சத்தைத் தம்பியும் நானும் போடுகிறோம். என் பங்கு பிஎஸ்என்எல் பென்ஷனிலிருந்து. 1984-ல் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்து 2020 ஜனவரியில் விருப்ப ஓய்வில் வந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி.

அரசு முதியோர் உதவித்தொகையாக மாதம் 1,200 ரூபாய் வாங்குகிற ஒரு கிழவி விழுந்து எலும்பை முறித்துக்கொண்டால் என்ன செய்வாள்? உங்கள் கட்டுரையாளர் அங்கே போய்க் கேட்டிருக்கலாம். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. கவனிக்காத பிள்ளைகள் மீது கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம், மாதம் 10,000 ரூபாய்வரை வாங்கித் தரலாம் என்பதையெல்லாம் கட்டுரை விரிவாகச் சொல்கிறது. அதே சட்டத்தின் 19-வது பிரிவை ஏனோ விட்டுவிட்டது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியவர்கள் தங்கும் இல்லத்தை மாநில அரசு படிப்படியாக அமைக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. சட்டத்தில் இருப்பது "லாம்" தான். பிள்ளைக்கு "வேண்டும்", அரசுக்கு "லாம்". 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். 2031-ல் பதினெட்டாகும் என்பது மத்திய அரசின் கணிப்பு. எல்லோரையும் மகள் தூக்கிவிட முடியாது. மகளுக்கே அப்போது 60.

25 இடங்களில் அன்புச்சோலை என்று பகல்நேர மையங்களை அரசு அறிவித்தது நல்ல காரியம். அம்மா நடமாடிக்கொண்டிருந்த காலத்தில் அப்படி ஒன்று பக்கத்தில் இருந்திருந்தால் பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க மாட்டார். பாத்ரூமுக்கும் கூச்சமில்லாமல் போயிருப்பார்.

உங்களிடம் கேட்பது இரண்டு விஷயம். முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று ஆட்சியர் அலுவலகத்திலிருந்து அவ்வப்போது செய்திக்குறிப்பு வரும், நீங்களும் ஒரு மூலையில் நாலு வரி போடுவீர்கள். பதிவு செய்தவை எவை என்ற பட்டியலை வாங்கி மாவட்டவாரியாக வெளியிடுங்கள். கடைசியாக அதிகாரி போய்ப் பார்த்த தேதியையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். ஜோசியத்துக்கு வாரம் ஒரு பக்கம் ஒதுக்குகிறீர்கள், இதற்கு மாதம் ஒரு பக்கம் ஒதுக்கலாம். முதியோர் உதவி எண் 14567 என்பதையும் அதில் ஓர் ஓரத்தில் போடுங்கள். இரண்டாவது, ஒப்பந்தத்தைத் தமிழில் தரச் சொல்லி எழுதுங்கள். இரண்டாவது இல்லத்தில் நான் கேட்டபோது, இதுவரை யாரும் கேட்டதில்லையே என்று ஆச்சரியப்பட்டார்கள். ஒரு வாரத்தில் டைப் அடித்துக் கொடுத்தார்கள். அம்மா எட்டாவதுவரை படித்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து வரிவரியாக ஒரு மத்தியானம் முழுக்கப் படித்தார். வெற்றிலை கூடாது என்று போட்டிருந்த வரியில் விரல் நின்றுவிட்டது. "இதை அடிச்சாத்தான் கையெழுத்து" என்றார். அடித்துக் கொடுத்தார்கள். பக்கத்திலேயே, "இரவு 9 மணிமுதல் காலை 5 மணிவரை இடிக்கக் கூடாது" என்று கையால் எழுதிச் சேர்த்தார்கள்.

ஆனாலும் நாலரைக்கே இடிக்கிறார் என்று அறையில் கூட இருக்கும் அம்மாள் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. அம்மாவை "இந்தாம்மா" என்றுதான் கூப்பிடுகிறார், அம்மா அவரை "டீச்சரம்மா" என்கிறார். இரண்டு பேருக்கும் சண்டை வராத நாள் கிடையாது. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில் ஆரம்பிக்கும். சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறதே என்று நான் நினைத்துக்கொள்வேன். புண் ஆற இரண்டரை மாதம் பிடித்தது. இப்போது வாக்கர் பிடித்துக்கொண்டு சாப்பாட்டுக்கூடம்வரை நடக்கிறார். தினமும் ஃபோன் பண்ணுவேன். முப்பத்தாறு வருடம் ஹெட்போன் மாட்டிய காது எனக்கு. எதிர்முனையில் பேசுகிற பேச்சைவிடப் பின்னால் கேட்கிற சத்தம்தான் எனக்கு முதலில் கேட்கும். டொக் டொக் கேட்டால் சாப்பிட்டுவிட்டார் என்று அர்த்தம். கேட்காத அன்று பஸ் ஏறிவிடுவேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. சில சாயங்காலங்களில், "சங்கு ஊதியாச்சா?" என்று கேட்பார். அங்கே ஏது சங்கு. ஊதியாச்சும்மா என்று சொல்லிவிடுகிறேன். பொய்தான், இந்த ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறேன். சாவி இன்னும் முந்தானையில்தான் இருக்கிறது. வீட்டை வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தில் இல்லக் கட்டணத்தைச் சரிக்கட்டலாம் என்று தம்பி சொல்கிறான், கணக்குப்படி அவன் சொல்வது சரிதான். அம்மாவிடம் கேட்காமல் முடியாது என்று சொல்லிவிட்டேன். கேட்டேன். "பங்குனி கழியட்டும்" என்றார். போன பங்குனியிலும் இதையேதான் சொன்னார்.

உறவினர் கல்யாணத்தில் பெரியப்பா மகன் ஒருவர் பந்தியிலேயே உரக்கக் கேட்டார்: "அம்மாவைக் கொண்டுபோய் விட்டுட்டியாமே?" விட்டேன் என்றேன். செவ்வாய், வெள்ளி போய்ப் பார்க்கிறேன், நீங்கள் ஒருநாள் வாங்களேன் என்று விலாசத்தையும் எழுதிக் கொடுத்தேன். இன்னும் வரவில்லை.

இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால் என் பெயரைப் போட வேண்டாம். இவ்வளவு எழுதிவிட்டுப் பெயருக்குப் பயப்படுகிறாளே என்று நினைக்காதீர்கள். அம்மா இருக்கும் இல்லத்துக்கும் உங்கள் பத்திரிகைதான் வருகிறது. டீச்சரம்மா முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிப்பார், சத்தமாக. அங்கே சாம்பார் வாரத்தில் ஐந்து நாள் சுரைக்காய் சாம்பார். அதைப் பற்றிச் சமையல்காரரிடம் இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. அது முடியட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கே.கே. நகர், திருச்சி - 21.